புலாவ் சைகோன் முதல் மரீனா அணைக்கட்டு வரை: மாமாவோடு ஓர் ஆற்று நடை

வியாழன், ராபர்ட்சன் கீ

சிங்கப்பூர் ஆற்றின் நடுவில் ஒரு தீவு இருந்தது என்று சொன்னால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். புலாவ் சைகோன் என்று பெயர். கிளார்க் கீயிலிருந்து ஆற்றோரமாகவே மேல்பக்கம் நடந்து, கிளமென்சோ பாலத்தைத் தாண்டினால் ஆறு வளைகிற இடம் வரும். இப்போது அடுக்குமாடிகளும் ஹோட்டல்களும் நிற்கிற அந்த இடத்தில்தான் அது கிடந்தது. பழைய வரைபடங்களைப் பார்த்தால் ஆறு அங்கே இரண்டாகப் பிரிந்து, கொஞ்சம் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஒன்றுசேர்வது தெளிவாகத் தெரியும்.

திருவரங்கத்திலிருந்து மாமா வந்திருக்கிறார். அம்மாவுக்கு அண்ணன், பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவிரி இரண்டாகப் பிரிகிற முக்கொம்பின் ஷட்டர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். செந்தோசா, பறவைப் பூங்கா எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல உங்க ஊர் ஆத்தைக் காட்டு மாப்ளே என்றார். சரி, ஆற்றையே துண்டு துண்டாக நடந்துவிடுவோம், அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுவோம் என்று கிளம்பிவிட்டோம்.

தீவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் மாமாவின் ஊரும் ஆற்றுத் தீவுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் போல நீண்டு கிடக்கும் திருவரங்கம் எங்கே, இறைச்சிக்கு அறுக்கும் கொட்டடியும் கிடங்குகளும் இருந்த இந்தச் சின்னத் திட்டு எங்கே! ஆனால் ஆறு செய்த வேலை ஒன்றேதான். வண்டல் சேர்ந்து, நடுவில் மேடு தட்டி, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிருக்கிறது.

புலாவ் சைகோனின் கதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிந்துவிட்டது. ஒரு பக்கத்துக் கால்வாயைத் தூர்த்துவிட்டார்கள், தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. 1980களின் கடைசியில் மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப்பாதைக்காக இங்கே தோண்டியபோது பீங்கான் துண்டுகளும் கண்ணாடிப் புட்டிகளும் ஏராளமாகக் கிடைத்தன, அவற்றைத் தொல்லியலாளர்கள் எடுத்து வகைப்படுத்தினார்கள். பழைய பாலத்தையும் அந்தச் சுரங்கத்துக்காகவே 1986-இல் இடித்தார்கள். இப்போது நிற்பது 1997-இல் கட்டிய புதுப் பாலம். தீவு போய்விட்டாலும் புலாவ் சைகோன் பாலம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாலத்தில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய வாய்க்கா எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு தரையிலயே ஒரு கோடு போட்டு வச்சிருக்கலாமே" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். நடைபாதையில் நீலக் கல் பதித்து அந்தக் கால்வாய் போன வழியைக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் நடந்தே ஒரு தீவைச் சுற்றி வந்துவிடலாம். யாராவது செய்ய வேண்டும், மனதார விரும்புகிறேன்.

இன்னொன்று. இந்த ஆற்றின் ஆரம்ப காலப் படகோட்டிகளில் நம்மவர்கள் நிறைய. ராஃபிள்ஸ் 1822-இல் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது சூலியா கம்போங் (கம்போங் என்றால் மலாயில் கிராமம்) என்று தென்னிந்தியர்களுக்கு ஆற்றின் மேல்பக்கத்தில் இடம் ஒதுக்கினார். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்த்த படகுகளில் சூலியாக்கள் முன்னால் நின்றார்கள், பிறகு சீனர்கள் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தோம். 1859-இல் செட்டியார்கள் கட்டிய கோயில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டிக்கு விட்டவர்களுக்கும் இந்த ஆற்று வியாபாரம்தான் சோறு போட்டது.

வெள்ளி, கிம் செங் பாலம்

ஆறு தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. கிம் செங் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கிருந்து கடல் வாய் வரை வெறும் 3.2 கிலோமீட்டர். அதற்கு மேலே அலெக்ஸாண்ட்ரா கால்வாய், கான்கிரீட் கரை கட்டியது. "இவ்வளவுதானா?" என்று கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காவிரி எண்ணூறு கிலோமீட்டர் ஓடி வருகிறவள் ஆயிற்றே.

அப்புறம் அவர் சொன்ன விஷயத்தில் நான் இதுவரை யோசிக்காத ஒன்று இருந்தது. அங்கே வெள்ளம் வெயிலோடு வரும். குடகில் மழை பெய்யும், கர்நாடகத்து அணைகள் நிரம்பும், மேட்டூர் 120 அடியைத் தொடும், ஷட்டரைத் தூக்குவார்கள். திருச்சியில் பொட்டு மழை இருக்காது, ஆனால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து நிற்கும். ஆகவே எச்சரிக்கை கொடுக்கவும் ஆட்களை நகர்த்தவும் நேரம் உண்டு. சிங்கப்பூரில் அந்த வசதியே கிடையாது, தலைக்கு மேல் பெய்வதுதான் வெள்ளம், அரைமணி நேரத்தில் லோங்காங் (சாலையோர வடிகால்) நிரம்பி ரோட்டுக்கு வந்துவிடும், அடுத்த ஒரு மணி நேரத்தில் வடிந்தும் விடும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது, திருச்சியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து, என் நோட்டில் படம் போட்டு விளக்கினார். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது, தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் திருவரங்கமும் திருவானைக்காவும். கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன, காவிரியில் மிஞ்சும் தண்ணீரை அங்கே கொள்ளிடத்துக்குத் தள்ளிவிடலாம். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, அகலமும் அதிகம். எனவே பெருவெள்ளம் வந்தால் அந்தப் பக்கம் தானாகவே சாய்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அளவுக்கு மீறிப் போய், கொள்ளிடம் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். பாசனத்துக்கான தண்ணீர் காவிரிக்கு, வெள்ளத்துக்கான தண்ணீர் கொள்ளிடத்துக்கு. இந்தப் பங்கீடு சரியாக நடக்கிற வரைக்கும் ரங்கநாதர் கால் நனையாது என்றார் மாமா.

"திருவானைக்கால மூலஸ்தானத்துல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும் பாத்திருக்கியா? லிங்கத்துக்கு அடியிலயே ஊத்து. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருந்தா அப்படித்தான். நாங்க தண்ணி மேலதான் குடியிருக்கோம்."

1924 ஜூலை வெள்ளத்தைப் பற்றி அவர் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். அப்போது மேட்டூர் அணை இல்லை, தடுத்து நிறுத்த வழியில் எதுவும் இல்லை. ஆறு முழுசாக வந்தது. அந்த வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு மேட்டூர் வேலை தொடங்கியது, 1934-இல் முடிந்தது. 93.47 டிஎம்சி கொள்ளளவு என்பதை மாமா பேரன் பேர் சொல்வது போலச் சொல்கிறார்.

2018 ஆகஸ்ட்டைப் பற்றி அவரே பேச்சை எடுத்தார். மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி வந்த நாட்கள். முதலில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், 1928-இல் கட்டியது, அதன் தூண்கள் சரிந்தன. புதுப் பாலம் வந்தபிறகு அதில் வண்டி விடுவதில்லை, அதனால் உயிர்ச்சேதம் இல்லை. அப்புறம் 22-ஆம் தேதி இரவு மேலணையின் 45 ஷட்டர்களில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. ஓய்வுபெற்ற மனிதர், அந்த இரவில் முக்கொம்புக்கு ஓடியிருக்கிறார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லையாம், சத்தம் மட்டும்தான். "காட்டன் கட்டினது நூத்தி எண்பது வருஷம் நின்னுச்சுடா. எங்க காலத்துல போச்சே" என்று சொன்னபோது குரல் கம்மிவிட்டது. இப்போது அங்கே புதுக் கதவணை கட்டி முடித்துவிட்டார்கள்.

சனி, ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து தேக்கா

எம்ஆர்டி நிலையத்துக்குள் நுழையும்போது மாமா நின்றுவிட்டார். வாசலில் நாலைந்து படி மேலே ஏறி, அதற்குப் பிறகுதான் மின்படியில் கீழே இறங்க வேண்டும். "பாதாளத்துக்குப் போறதுக்கு எதுக்கு மாப்ளே மேல ஏறணும்?" தினமும் ஏறி இறங்குகிறேன், ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. தெருவில் வெள்ளம் வந்தாலும் சுரங்கத்துக்குள் பாயக்கூடாது என்பதற்காக நிலைய வாசல்களைச் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவது இங்கே விதி. பதில் சொன்னதும் மாமா கடைசிப் படியைக் காலால் தட்டிப் பார்த்து, "இதுவும் கரைதான்" என்றார்.

2010 ஜூன் 16 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, ஆர்ச்சர்ட் சாலை ஆறாகிவிட்டது, லியாட் டவர்ஸின் கீழ்த்தளக் கடைகளுக்குள் தண்ணீர். சிங்கப்பூரில், அதுவும் ஆர்ச்சர்டில் இப்படியா என்று ஊரே அதிர்ந்தது. சாலைக்கு அடியில் ஓடும் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயால் அவ்வளவையும் தாங்க முடியவில்லை, குப்பை அடைத்ததும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த ஆண்டு சாலையையே 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் போல உயர்த்தினார்கள்.

ஆனால் பெரிய வேலை 2018-இல் முடிந்ததுதான். தாவரவியல் பூங்கா பக்கத்தில் தரைக்கடியில் 38,000 கன மீட்டர் பிடிக்கும் தேக்கத் தொட்டி. அதோடு, கால்வாயின் மேல்பகுதியில் சேரும் மழைநீரை ஆர்ச்சர்ட் பக்கம் விடாமல் தனியாகச் சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் இரண்டு கிலோமீட்டர் திசைதிருப்புக் கால்வாய், அதில் ஒரு பகுதி சுரங்கம். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், இது கொள்ளிடம்டா! நீங்க ஒரு கொள்ளிடம் வெட்டியிருக்கீங்க."

ஆமாம், அதேதான். வெள்ளத்துக்கு இரண்டாவது வழி. திருவரங்கத்துக்கு இயற்கையே கொடுத்ததை இந்த ஊர் காசு கொட்டித் தரைக்கடியில் குடைந்திருக்கிறது. புலாவ் சைகோனின் பக்கக் கால்வாய் தூர்ந்ததற்கும் ஆர்ச்சர்ட் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது வேறு இடம், வேறு வடிநிலம். ஆனாலும் ஆற்றுக்கு ஒற்றைக் கையை மட்டும் விட்டுவைத்து இரு பக்கமும் கட்டடம் எழுப்பிய நகரம், எழுபதுகளிலிருந்து விடாமல் புதுக் கைகளை வெட்டிக்கொண்டே இருக்கிறது. இதை யாரும் பெருமையாகப் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

டோபி காட் வழியாக, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு நடந்தோம். இந்தக் கால்வாய் ஓடையாக இருந்த காலத்தில் நம் வண்ணார்கள் துணி துவைத்த துறை டோபி காட். தேக்காவிலும் தண்ணீர்க் கதைதான். ரோச்சோர் ஓரத்துப் பள்ள நிலம், தண்ணீரும் புல்லும் தாராளம், அதனால் மாட்டுக்கொட்டகைகள் வந்தன, மாட்டை நம்பி நம் ஆட்கள் வந்தார்கள், பஃபலோ சாலை என்ற பெயர் அப்படி நின்றதுதான். சந்தையில் மாமா வாழைப்பூ விலையைக் கேட்டார். வாங்கவில்லை.

ஞாயிறு, வீட்டில்

காலையிலிருந்தே மழை, எங்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி இஞ்சி டீயோடு வந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்தது போத்தோங் பாசிருக்கு, அப்போது அது காய்கறித் தோட்டமும் குளமுமாக இருந்த கம்போங். 1978 டிசம்பர் 2-ஆம் தேதி பெய்த மழையை அவர் சொல்லச் சொல்ல மாமா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கட்டில் கால் முழுகியதும் அரிசி டின்னை அலமாரி உச்சியில் ஏற்றினாராம், பிள்ளைகளை மேசைமேல் நிற்க வைத்தாராம், கோழிகள் அப்படியே மிதந்து போயினவாம். அன்று பாய லேபாரில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 512.4 மில்லிமீட்டர். ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1969 டிசம்பரிலும் பெருவெள்ளம், ஐந்து உயிர் போயிற்று. அதற்குப் பிறகுதான் புக்கித் தீமாவில் முதல் திசைதிருப்புக் கால்வாய், 1972-இல் முடிந்தது, தண்ணீரை உலு பாண்டான் பக்கம் கொண்டுபோனது. இரண்டாவது 1990-இல், அது காலாங் ஆற்றுக்கு.

எழுபதுகளில் வெள்ளம் வரக்கூடிய நிலம் 3,200 ஹெக்டேர், இப்போது 30-க்கும் கீழே. இந்த எண்ணைப் பாட்டியிடம் சொன்னேன். "அது சரிப்பா, ஆனா மழைச் சத்தம் கேட்டா இன்னைக்கும் நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன்" என்றார்.

திங்கள், ஆற்றின் வாய்

லீவு போட்டுவிட்டேன். எல்ஜின் பாலத்திலிருந்து கீழே இறங்கி, போட் கீ வழியாகக் கேவனா பாலம். 1869-இல் கட்டியது, இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. மாடும் குதிரையும் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னமும் இருக்கிறது. இந்தப் பாலம் தாழ்வு, கடல் ஏற்றத்தின்போது தொங்கான்கள் (சரக்குப் படகுகள்) இதற்கு அடியில் நுழைய முடியாமல் தண்ணீர் இறங்கும்வரை காத்துக் கிடக்கும். அதாவது கடல் இந்த ஆற்றுக்குள் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தது. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பும், சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் என்று பள்ளமான இடமெல்லாம் நிறையும்.

கரைக் கல்லை மாமா குனிந்து பார்த்தார். கடல் ஏறி இறங்குகிற ஆற்றில் இருக்க வேண்டிய பட்டைக் கறை, மேலே காய்ந்தும் கீழே பாசியுமாக, இங்கே இல்லை. தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. "அப்ப கடலைக் கதவு போட்டு நிறுத்தியிருக்கீங்க" என்றார். சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

அந்தக் கதவுதான் மரீனா அணைக்கட்டு, 2008 அக்டோபர் 31-இல் திறந்தது. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே ஒன்பது கதவுகள். கடல் இறங்கியிருக்கும்போது மழை பெய்தால் கதவைச் சாய்த்து வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருக்கும்போது பெய்தால் கதவு மூடியே இருக்கும், ஏழு ராட்சத பம்புகள் தண்ணீரை வெளியே தள்ளும். பம்பு ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர். மாமா உடனே கைப்பேசியில் கணக்குப் போட்டார்: எல்லாம் சேர்த்து விநாடிக்குப் பத்தாயிரம் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. "கொள்ளிடத்துல இது ஒரு சாதா நாள் தண்ணி. ஆனா மோட்டார் போட்டு இத்தனையைத் தூக்குறதுன்னா..." என்று பம்பு வைத்த கூடத்துக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். காவிரியின் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர், இந்த அணைக்கட்டின் வடிநிலம் 100 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த 100, சிங்கப்பூரில் ஆறில் ஒரு பங்கு, அதில் விழும் மழைதான் இப்போது குடிநீர். 1977-இல் ஆற்றைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துப் பத்து வருடம் உழைத்தார்கள், 1983-இல் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அது நடந்திராவிட்டால் இந்தக் கதவை மூடி ஒரு பயனும் இல்லை, உள்ளே தேங்குவது சாக்கடையாகத்தான் இருந்திருக்கும்.

மேலே புல்தரையில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அங்கேயும் கணக்குதான் கேட்டார்: பம்புக்குக் கரண்டு போனால் என்ன செய்வார்கள், கதவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் போடுவார்கள், இரவுப் பணியில் எத்தனை பேர். அங்கிருந்த ஊழியர் ஒருவர் தமிழர், மதுரைப் பக்கம். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள், நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்து பார்த்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருச்சிக்குப் போகிற நண்பர்கள் ராஜகோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். இங்கிருந்து நாலரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும், ஊரிலிருந்து மேற்கே பதினெட்டு கிலோமீட்டர் போல முக்கொம்பு. ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது போங்கள். பூங்காவைத் தாண்டி அணைப் பக்கம் நடந்தால் ஆறு பிரிகிற இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெற்குப் பக்கம் நிற்காமல் கொள்ளிடப் பக்கம் போய் நில்லுங்கள், படுகை எவ்வளவு தாழ்வு என்பது அங்கிருந்துதான் தெரியும் என்று மாமா சொல்லச் சொன்னார்.